ஒண்ணுக்குப் பன்னிரண்டு

வடசேரி பஸ் ஸ்டாண்ட்
ராத்திரி ரெண்டு மணிக்குமேல்தான்
கொஞ்சம் என் கையில் கிடைக்கும்.
ராணித்தோட்டம் டிப்போவுக்கு
ஆளில்லாமல் திரும்பும் வண்டிகள்.
காலியாய்ப் போகும்போதுதான் கேட்கும்
ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி இருமல்.

சட்டைப்பையில் மனுவின் நகல்.
தக்கலை கோர்ட்டில் டைப்பிஸ்ட்
ஞானசிகாமணி அடித்தது. ஏழாவது மனு.
பிழை ஒன்றுகூட இல்லை.

"நடைமேடைத் திண்டின் உயரம் நான்கு அங்குலம்.
பேருந்தில் என்னைத் தூக்கி ஏற்ற நடத்துநர் உண்டு.
என் நாற்காலியைத் திண்டில் ஏற்ற
யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது.
தினமும் வேறு ஆள்.
தினமும் அதே நன்றி."

நாலு அங்குலம்.
என் கொத்துக்கரண்டியில் பாதி.
ஒரு ராத்திரி வேலை, கூலி உட்பட.

திண்டை உடைத்தேன், சாந்து குழைத்தேன்.
ரெண்டடி நீளத்துக்கு ஒரு சரிவு,
தேய்த்த தேய்ப்பில் கண்ணாடியாய் மின்னிற்று.
நாயொன்று குறுக்கே நடந்து
நாலு பாதம் பதித்துப் போனது.
அழிக்க மனசு வரவில்லை.

ஏழே முக்காலுக்கு அவர் வந்தார்.
ஏறவில்லை.
பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார்.
"வேய் கொத்தனாரே, இது ஏறாது.
இறங்கினா மூஞ்சி பேரும்.
ஒண்ணுக்குப் பன்னிரண்டு.
நாலு அங்குலத்துக்கு நாலடி."

நாலடிக்கு நான் எங்கே போவேன்?
ரெண்டடி தாண்டினால்
சுயம்புவின் ஆட்டோவின் முன்சக்கரம்.
"நான் பின்னால போனா
கடைசி வண்டி ரோட்டுல நிக்கும்.
போலீஸ்காரன் பைன் போட்டா
உம்ம கரண்டியா கட்டும்?"

இடதுபக்கம் பீர்கண்ணுவின் சைக்கிள் ஸ்டாண்டுக் கம்பி.
வலதுபக்கம் டீக்கடையின் வடைப்பெட்டி,
அது அங்கே வந்தது எப்போது என்று
கடைக்காரருக்கே தெரியாது.

நேரக்காப்பாளர் கிறிஸ்டல் பாய்
டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:
"ஆசாரிப்பள்ளம் வண்டியை
ஒரு முழம் முன்னால நிறுத்தச் சொல்லுதேன்.
அந்த முழத்துல கடைசி ஆட்டோ நிக்கட்டும்."

கடைசி ஆட்டோ நகர்ந்தது.
அதற்கு முன்னால் நின்றது நகர்ந்தது.
ஒன்பது ஆட்டோவும் ஒவ்வொன்றாய் உறுமி
ஒரு முழம், ஒரு முழமாய்.
சுயம்பு கடைசியில் நகர்ந்தார்,
சொத்து பாகம் பிரித்துக் கொடுத்தவர்போல.
பீர்கண்ணு கம்பியை அறுக்கக் கேட்டுக்கொண்டார்,
"பதினோரு சைக்கிள் சாய்ஞ்சு நிக்கட்டும்,
அதுக்கு வாடகை குறைக்கமாட்டேன்."
வடைப்பெட்டியை
ரெண்டு பேர் தூக்கினோம், எண்ணெய் சிந்தாமல்.

மறுநாள் ராத்திரி
என் வேலையை நானே உடைத்தேன்.
கூலி ரெண்டாம் தடவை கிடையாது என்றார் மேஸ்திரி.
நாய்ப்பாதம் பதிந்த துண்டு மட்டும் முழுசாய்ப் பேர்ந்தது.
சைக்கிள் ஸ்டாண்டில்
சாயும் வண்டிக்கு முட்டாய் வைத்தேன்.
நாலடி. ரசமட்டத்தைச் சரித்து வைத்து
மூன்று தடவை பார்த்தேன்.
ஈரச்சாக்கு போட்டு மூடி
மூன்று நாள் விட்டேன்.

சாக்கை எடுத்த காலையில்
முதலில் ஏறியது
குளச்சல் புளோராவின் மீன்பெட்டி, உருளைச் சக்கரத்தில்.
பிறகு
கோட்டாறு ஸ்டேஷனிலிருந்து வந்த பெரிய சூட்கேஸ்,
பால்கேன் கட்டிய சைக்கிள்,
கையில் கட்டுப்போட்ட பையனும் அவன் அம்மாவும்,
அவர்களுக்குச் சரிவு தேவையே இல்லை, ஆனாலும்.
யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஏழே முக்கால்.
கூட்டத்தோடு கூட்டமாய் அவர் வந்தார்,
சக்கரத்தை ரெண்டு உந்து உந்தினார்,
மேலே போய்விட்டார்.
யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

தக்கலை வண்டி வர இன்னும் நேரம் இருந்தது.
திரும்பி என்னைக் கைகாட்டி அழைத்து
மடித்த காகிதம் ஒன்றைத் தந்தார்.
மூன்றாம் நடைமேடையில் விளக்கு எரியவில்லை,
இறங்கும் இடத்தில் குழி தெரியவில்லை.
எட்டாவது மனு.
எழுத்துக்கூட்டி முழுசாய்ப் படித்தேன்.
பிழை ஒன்றுகூட இல்லை.